கடைக்காரரும் .32 கைத்துப்பாக்கியும்: உரிமம் முதல் லாக்கர் வரை முழுமையான வழிகாட்டி

நகைக்கடை, அடகுக்கடை வைத்திருப்பவர்கள், ராத்திரி வசூல் பணத்தோடு வீடு திரும்பும் பெட்ரோல் பங்க் முதலாளிகள், பண்டிகைக் காலத்தில் கல்லா நிரம்பும் மொத்த வியாபாரிகள் என்று பலருக்கும் ஏதாவது ஒரு சமயத்தில் இந்த யோசனை வந்துபோகும்: லைசென்ஸ் எடுத்து ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன? பக்கத்துத் தெருவில் ஒரு கொள்ளை நடந்துவிட்டால் அந்த யோசனை இன்னும் வேகமாக வரும்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் கடை நடத்துபவருக்காக, இந்தியச் சட்டத்தின்படி எழுதப்பட்டது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கியை வைத்துச் சரக்கைக் காப்பாற்ற முடியாது. அதிகபட்சம் உங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அதுவும் சில சூழ்நிலைகளில் மட்டும். எந்தத் துப்பாக்கி, எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்ற எல்லா முடிவையும் இதை மனதில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

படி 1: எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் சமீப வருடங்களில் பெரிதாகப் பேசப்பட்ட நகைக் கொள்ளைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 2017-ல் சென்னை கொளத்தூரில், நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து தரையைத் துளைத்துக் கீழே இறங்கினார்கள். 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் இருந்த பெரிய நகைக்கடையில், ராத்திரி சுவரில் ஓட்டை போட்டு, பொம்மை முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். 2021 டிசம்பரில் வேலூரிலும் சுவரில் ஓட்டைதான். 2023 பிப்ரவரியில் பெரம்பூரில் ஷட்டரை வெல்டிங் கட்டரால் அறுத்து ஒன்பது கிலோ தங்கத்தை அள்ளிப் போனார்கள். இந்த நான்கிலும் முதலாளி கடையில் இல்லை. அவர் இடுப்பில் என்ன துப்பாக்கி இருந்திருந்தாலும் ஒரு கிராம் மிஞ்சியிருக்காது.

2022 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் நடந்தது வேறு ரகம். நகைக்கடன் கொடுக்கும் கிளைக்குள் பட்டப்பகலில் நுழைந்தவர்களுக்குத் தலைமை தாங்கியதே அந்த நிறுவனத்தோடு சம்பந்தப்பட்ட ஊழியர். காவலாளிக்கு மயக்க மருந்து கலந்த குளிர்பானம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். தெரிந்த முகம் சிரித்துக்கொண்டே வரும்போது யாரும் துப்பாக்கியை எடுப்பதில்லை.

துப்பாக்கியைக் காட்டி மிரட்டிய கொள்ளை என்றால் 2021 ஜனவரியில் ஓசூரில் நடந்தது. காலையில் ஒரு நகைக்கடன் கிளைக்குள் ஆயுதங்களோடு ஒரு கும்பல் புகுந்து, ஊழியர்களைக் கட்டிப்போட்டு, சுமார் 25 கிலோ தங்கத்தோடு கிளம்பியது. மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிபட்டார்கள். பிடித்துக் கொடுத்தது நகைப் பைக்குள் வைத்திருந்த ஜிபிஎஸ் கருவி. பல பேர் ஆயுதத்தோடு நிற்கும் அறையில் ஒரே ஒருவர் ஆறு தோட்டா ரிவால்வரை உருவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஊழியர்கள் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள், தங்கமும் திரும்பி வந்தது.

அப்படியானால் கைத்துப்பாக்கி எங்கேதான் உதவும்? ராத்திரி கடை அடைத்துவிட்டுப் பையோடு வண்டிக்குப் போகும் அந்தச் சில நிமிடங்கள். ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் கடை. வீடும் கடையும் ஒரே கட்டடத்தில் இருந்து, ராத்திரி ஆள் புகுந்தால் குடும்பத்துக்கே ஆபத்து என்ற நிலை. குறிப்பாக உங்களைப் பெயர் சொல்லி மிரட்டியவர்கள் இருப்பது. அரிவாளோடு வருபவன் பணத்தை வாங்கிக்கொண்டு போகமாட்டான், வெட்டத்தான் வந்திருக்கிறான் என்ற நிலைமை. இதில் எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அடுத்த படியோடு நிறுத்திக்கொள்ளலாம், பணமும் அலைச்சலும் மிச்சம்.

படி 2: துப்பாக்கிக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

சுருக்கமாகவே சொல்கிறேன். தரையோடு போல்ட் போட்ட லாக்கர். சுவரையும் கூரையையும் தொட்டாலே அலறும் அதிர்வு சென்சார். ஷட்டருக்கு உள்பக்கம் இன்னொரு கிரில். கவுண்டருக்கு அடியில் கால் படும் இடத்தில் அலாரம் பட்டன். பதிவுகள் கடைக்கு வெளியேயும் சேமிக்கப்படும் கேமரா, ஏனென்றால் ரெக்கார்டர் பெட்டியையே கழற்றிக்கொண்டு போகும் திருடர்கள் உண்டு. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் பணம் கொண்டுபோகாமல் இருப்பது.

அப்புறம் காப்பீடு. நகை வியாபாரிகளுக்கென்றே 'ஜுவல்லர்ஸ் பிளாக்' என்ற பாலிசி இருக்கிறது. எடுக்கும்போது விலக்குகளைப் படியுங்கள். வேலைக்காரர் திருடினால், கடை மூடிய பின் லாக்கருக்கு வெளியே வைத்த சரக்கு போனால், பொதுவாகப் பணம் கிடைக்காது. சரக்குக்குக் காப்பீடு இருக்கிறது என்ற நிம்மதி இருப்பவருக்குத்தான் கொள்ளைக்காரன் முன்னால் கையைத் தூக்கிவிட்டு நிற்க மனசு வரும். பெரும்பாலான நேரங்களில் அதுதான் சரியான முடிவும்கூட.

படி 3: எதை வைத்துக்கொள்ளச் சட்டம் விடுகிறது

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. உரிமத்தின் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகக் கூடியது. விண்ணப்பிக்கிறவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

போலீஸும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மி.மீ., .38, .455 போன்றவை 'தடைசெய்யப்பட்ட போர்' வகை (போர் என்றால் துப்பாக்கிக் குழாயின் உள்விட்டம், .38, .32 என்பவை அங்குலக் கணக்கு). சாதாரணக் குடிமக்களுக்குக் கிடைக்காது. மீதி இருப்பதில் பரவலானவை .22, .25, .32 ஆகிய சிறு போர்கள். நடைமுறையில் கடைக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் .32 தான். சினிமாவில் பார்த்துவிட்டு 9 மி.மீ. பிஸ்டல் கேட்டு விண்ணப்பம் போடாதீர்கள்.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பற்றியும் ஒரு வார்த்தை. "சும்மா பயமுறுத்தத்தானே" என்று வடக்கிலிருந்து வரும் கட்டாவை வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். உரிமமில்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை. தடைசெய்யப்பட்ட வகை என்றால் ஏழிலிருந்து பதினான்கு வருடம். போதாததற்கு அந்தக் கட்டாவின் குழாய் உங்கள் கையிலேயே வெடிக்கலாம்.

ஏர் பிஸ்டல் பற்றியும் கேட்பார்கள். .177 அளவில், 20 ஜூல் சக்திக்குள் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அது குறிபார்த்துப் பழகும் விளையாட்டுக் கருவி. நிஜத் துப்பாக்கி என்று நினைத்து எதிராளி உங்களை முந்திக்கொள்வான். உரிமம் வேண்டாத எதையாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மிளகு ஸ்பிரே எவ்வளவோ மேல்.

படி 4: உரிமம் வாங்குவது

மாவட்டங்களில் கலெக்டரிடமும், சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் ஏ-1. இப்போது உள்துறை அமைச்சகத்தின் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தள இணையதளம் வழியாகவே விண்ணப்பம் பதிவாகிறது. உரிமம் கிடைக்கும்போது உங்களுக்கென ஒரு தனி அடையாள எண்ணும் வரும். அந்த எண் இல்லாத பழைய உரிமப் புத்தகம் இன்று செல்லாது. தாத்தா காலத்துப் புத்தகம் வீட்டில் இருந்தால் முதலில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தோடு அடையாளச் சான்று, முகவரிச் சான்று, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி, பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான எஸ்-1 சான்று எல்லாம் வேண்டும். இவை எல்லாருக்கும் பொதுவானவை. உங்கள் விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துவது அல்லது கவிழ்ப்பது 'ஏன் வேண்டும்' என்ற கேள்விக்கான பதில்தான்.

2016 விதிகளில் 12-ம் விதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தொழிலின் தன்மையால் உயிரையும் சொத்தையும் காத்துக்கொள்ள உண்மையான தேவை இருப்பவரின் விண்ணப்பத்தை அதிகாரி கவனத்தில் எடுக்கலாம் என்று அது சொல்கிறது. கடைக்காரர் காலூன்ற வேண்டிய இடம் அதுதான். "எனக்குப் பாதுகாப்பு வேண்டும்" என்ற ஒற்றை வரி போதாது. அடகுக்கடை உரிமம், ஜிஎஸ்டி பதிவு, வருமான வரிக் கணக்கு, கடை எந்த நேரத்தில் அடைக்கிறீர்கள், பணம் எந்த வழியாக வங்கிக்குப் போகிறது, முன்பு மிரட்டல் வந்திருந்தால் அப்போது கொடுத்த புகாரின் நகல், பக்கத்தில் நடந்த கொள்ளையின் எஃப்ஐஆர் விவரம் ஆகியவற்றை இணையுங்கள். மிரட்டல் வந்தபோது போலீஸில் சொல்லாமல் விட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதையே காரணமாகக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். என்ன கேட்கிறீர்கள் என்பதிலும் தெளிவு வேண்டும்: ".32 ரிவால்வர் ஒன்று" என்று எழுதுங்கள்.

அதன்பின் போலீஸ் விசாரணை. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். குடிப்பழக்கம், அடிதடி, குடும்பச் சண்டை, சொத்துத் தகராறு எல்லாம் அறிக்கையில் வரும். பங்காளியோடு நிலத் தகராறு நடந்துகொண்டிருந்தால் உங்கள் வாய்ப்பு குறையும், குறைய வேண்டியதும்தான். வருவாய்த் துறையிடமும் கருத்துக் கேட்பது உண்டு. விதிப்படி போலீஸ் அறிக்கைக்கும் அதன்பின் எடுக்கும் முடிவுக்கும் காலக்கெடு இருக்கிறது. ஆனால் அதை நம்பித் தேதி குறித்துவிடாதீர்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டத்தின் 18-ம் பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, கெடு தவறாமல் செய்ய வேண்டும். போதுமான சொத்து இல்லை என்ற ஒன்றை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 14-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் துப்பாக்கி உரிமம் யாருக்கும் பிறப்புரிமை இல்லை. பொது அமைதி, பாதுகாப்பு என்ற காரணத்தில் அதிகாரி மறுத்தால் அதை எதிர்த்து வெல்வது சுலபமில்லை.

கடைக்காரர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று. உரிமம் உங்கள் பெயருக்கு. கடைக்கு இல்லை. நீங்கள் கல்யாணத்துக்குப் போகும் நாளில் மச்சானிடமோ மேனேஜரிடமோ துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனால் அவர் உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருக்கிறார் என்றுதான் சட்டம் பார்க்கும். உங்கள் சார்பில் இன்னொருவர் வைத்திருக்க வேண்டுமானால் அவர் பெயரையும் உரிமத்தில் முறைப்படி சேர்க்க வேண்டும். முழு நேரக் காவல் வேண்டும் என்றால் சொந்த உரிமத்தோடு வரும் முன்னாள் ராணுவத்தினரை வேலைக்கு வைப்பது பல கடைகளுக்கு இதைவிடப் பொருத்தம்.

படி 5: ரிவால்வரா, பிஸ்டலா

இந்தியாவில் சட்டப்படி கிடைப்பதில் பெரும்பகுதி அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு. 2021 அக்டோபரில் அரசின் படைக்கலத் (ஆர்ட்னன்ஸ்) தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாகப் பிரித்த பின், கான்பூரும் மேற்கு வங்கத்தின் இஷாப்பூரும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. நம் திருச்சித் தொழிற்சாலையும் அதில்தான் இருக்கிறது, ஆனால் அதன் முக்கிய வேலை ராணுவத்துக்கான ரைஃபிள்கள். கான்பூரில் .32 ரிவால்வர்கள் தயாராகின்றன. 2014-ல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி வெளியிட்ட 'நிர்பீக்' சுமார் அரைக் கிலோ எடைதான், ஆனால் அப்போதே விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. இஷாப்பூரில் 'அஷானி' என்ற .32 பிஸ்டலும், 'நிடர்' என்ற கால் கிலோ எடையுள்ள .22 ரிவால்வரும் வந்தன.

.32 என்று பொதுவாகச் சொன்னாலும் தோட்டா இரண்டு வகை. பிஸ்டலுக்கு 1899-ல் ப்ரௌனிங் வடிவமைப்பில் வந்த 7.65 மி.மீ. தோட்டா. ரிவால்வருக்கு விளிம்பு உள்ள, நீளமான ஸ்மித் அண்ட் வெஸன் லாங். ஒன்றை மற்றதில் போட முயற்சிக்காதீர்கள். தோட்டா வாங்கும்போது உரிமத்தில் எழுதியிருப்பதையும் துப்பாக்கியில் பொறித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சக்தி எவ்வளவு? .32 பிஸ்டல் தோட்டாவின் குண்டு சுமார் நாலரை கிராம், வேகம் வினாடிக்கு முந்நூறு மீட்டருக்குள். அதன் ஆற்றல் 9 மி.மீ. தோட்டாவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. .25 இன்னும் குறைவு. .22-ல் வேறொரு சிக்கலும் இருக்கிறது. அதன் பற்றவைக்கும் மருந்து விளிம்பில் பரவியிருப்பதால், 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்து வெடிக்காமல் போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. சினிமாவில் சுட்டவுடன் எதிராளி பறந்துபோய் விழுவான். சிறு போர் துப்பாக்கியில் குண்டு பட்டவன் அதை உணராமலேயே இன்னும் சில வினாடி அரிவாளை வீசலாம். இரண்டு மீட்டர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குச் சில வினாடி தாராளம்.

தேர்வு என்று வந்தால் கடைக்காரருக்கு ரிவால்வர்தான் என்பது என் கருத்து. மாதத்தில் முப்பது நாளும் வியாபாரம் பார்ப்பவருக்குப் பயிற்சிக்கு நேரம் குறைவு. ரிவால்வரில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று சிலிண்டரைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்தது வரும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் சேம்பரில், அதாவது குழாயின் பின்முனையில் உள்ள அறையில், ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். "மேகசின் எடுத்தாச்சே" என்று நம்பித் துடைக்கும்போது வெடித்த விபத்துகள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன. பிஸ்டல் தட்டையாக, மறைத்து வைக்க வசதியாக இருக்கும், தோட்டாவும் இரண்டு மூன்று கூடுதல். அந்த வசதிக்காக இந்த ஆபத்தை ஏற்பது வழக்கமாகப் பயிற்சி செய்பவருக்கு மட்டும் சரிப்படும்.

வாங்கும்போது கையில் பிடித்துப் பாருங்கள். சுட்டுவிரல் நுனி டிரிகரை வசதியாகத் தொட வேண்டும். காலித் துப்பாக்கியில் டிரிகரை முழுதாக இழுத்தால் முனை ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரொம்ப லேசான துப்பாக்கி சட்டைப்பைக்கு நல்லது, ஆனால் சுடும்போது அதிகம் துள்ளும். பழைய ரிவால்வரைச் சொந்தக்காரரிடமிருந்து முறைப்படி மாற்றி வாங்கினால் ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். சில பழைய மாடல்களில் சுத்தியல் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் பின்பக்கப் பகுதி) மேல் அடி பட்டாலே வெடிக்கும். அப்படிப்பட்டதில் சுத்தியலுக்கு நேரே உள்ள சிலிண்டர் அறையைக் காலியாக விட வேண்டும்.

வாங்கியதும் உரிமத்தில் துப்பாக்கியின் எண் பதிவாக வேண்டும், அதிகாரியிடம் காட்டவும் வேண்டும். ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா, வருடத்தில் எத்தனை என்பதும் உரிமத்திலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பயிற்சி

எஸ்-1 சான்றுக்காகச் செய்யும் பயிற்சி, பாதுகாப்பாகக் கையாள்வது, எடுத்துச் செல்வது, சுடும் முறை, பராமரிப்பு என்று அடிப்படைகளைச் சொல்லித்தரும். அது தொடக்கம்தான். மாவட்ட ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி, அவர்களின் சுடுதளத்தில் தொடர்ந்து பழகுங்கள். தோப்பில், மொட்டை மாடியில், மலைப்பக்கத்தில் சுட்டுப் பார்ப்பது குற்றம். கவனக்குறைவாகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினாலும், கொண்டாட்டத்தில் சுட்டாலும் இரண்டு வருடம் வரை சிறை என்று 2019 திருத்தம் சேர்த்திருக்கிறது.

நான்கு விதிகள் உலகம் முழுக்க ஒன்றுதான். எல்லாத் துப்பாக்கியும் தோட்டா போட்டதாகவே நினை. சுட விரும்பாத எதை நோக்கியும் முனையைத் திருப்பாதே. முடிவெடுக்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே.

இவை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, மேலே சொன்ன கொளத்தூர் வழக்கின் தொடர்ச்சியையே பாருங்கள். குற்றவாளிகளைத் தேடி 2017 டிசம்பரில் ராஜஸ்தான் போன சென்னைத் தனிப்படையின் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் அங்கே குண்டு பாய்ந்து இறந்தார். அந்தக் குண்டு உடன் சென்றவரின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்தது என்று ராஜஸ்தான் போலீஸ் சொன்னது. பயிற்சி பெற்ற அதிகாரிகளுக்கே இருட்டிலும் கைகலப்பிலும் இதுதான் நிலைமை. வருடத்துக்கு இரண்டு தடவை சுடுதளத்துக்குப் போகும் வியாபாரி தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளலாம் என்பதை அவரவர் முடிவுக்கு விடுகிறேன்.

சுடுதளத்தில் தூரக் குறியைவிட மூன்று மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரைதான் உங்களுக்கு முக்கியம். அதோடு, சுடாமல் நிறுத்துவதற்கும் பழகுங்கள். துப்பாக்கியை எடுத்த பிறகு எதிராளி கத்தியைக் கீழே போட்டுவிட்டால் விரல் அந்தக் கணமே வெளியே வர வேண்டும்.

படி 7: கடையில் எங்கே வைப்பது

கல்லாப்பெட்டியில் வேண்டாம். கொள்ளைக்காரன் முதலில் திறக்கச் சொல்வதே அதைத்தான். கவுண்டருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வைப்பது அதைவிட மோசம். பெருக்கும் அம்மாவும், பள்ளி விட்டு வந்து கடையில் உட்காரும் பிள்ளையும், டீ கொண்டு வரும் பையனும் தினமும் போகும் இடம் அது. துப்பாக்கி இரண்டே இடத்தில்தான் இருக்க வேண்டும்: உறையோடு உங்கள் உடம்பில், இல்லையென்றால் பூட்டிய இரும்புப் பெட்டியில். அந்தப் பெட்டியின் சாவியோ எண்ணோ உங்களைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. துப்பாக்கி இருப்பதே ஊழியர்களுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. வெளியே தெரிந்தால் தங்கத்தோடு அதுவும் திருட வேண்டிய பொருள் ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது, துப்பாக்கி இல்லாமல், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் நின்று பாருங்கள். வாசலில் ஒருவன் நின்றால் அவனுக்குப் பின்னால் என்ன? பெரும்பாலும் பஸ் நிறுத்தம், எதிர்க்கடை, தெருவில் போகும் ஜனம். இடதுபக்கம் இருப்பது செங்கல் சுவரா, பிளைவுட் தடுப்பா? பிளைவுட்டும் கண்ணாடியும் குண்டை நிறுத்தாது, அந்தப் பக்கம் பட்டறையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கலாம். நகைக்கடையில் நான்கு பக்கமும் கண்ணாடி என்பதால் பிம்பத்தைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. சுடவே முடியாத திசைகள் எவை என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் எல்லாத் திசையும் அப்படித்தான் இருக்கும். அப்படி இருந்தால், வேலை நேரத்தில் அந்தத் துப்பாக்கி பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. அதன் உபயோகம் கடை அடைத்த பிறகு மட்டும்.

பொது இடத்தில் கொண்டுபோகும்போது உறையில் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டுவது, மேசையில் வைத்துப் பேரம் பேசுவது எல்லாம் உரிமத்தைப் பறிக்கப் போதுமான காரணம்.

நம் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஒரு மழைக்காலத்திலேயே துருவைக் கொண்டு வந்துவிடும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் நீண்ட நாள் அதிலேயே வைக்காதீர்கள். லேசாக எண்ணெய் தடவி, பெட்டியில் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். தோட்டா அறைகளில் எண்ணெய் தேங்கினால் தோட்டா கெடும். பழைய தோட்டாக்களைச் சுடுதளத்தில் தீர்த்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

படி 8: எப்போது சுடலாம்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகளில் வருகிறது. கடைக்காரர் மூன்று பிரிவுகளையாவது நன்றாகப் படித்திருக்க வேண்டும்.

37-ம் பிரிவு எல்லை போடுகிறது. போலீஸை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காயம் ஏற்படுத்தக் கூடாது. 38-ம் பிரிவு, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான பயம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் உரிமை உண்டு என்கிறது. 41-ம் பிரிவு சொத்து பற்றியது. கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் பூட்டை உடைத்துப் புகுதல், சரக்கு வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், இவற்றோடு, உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்ற பயத்தை உண்டாக்கும் திருட்டும் அத்துமீறலும் இதில் அடங்கும்.

வெறும் திருட்டு இந்தப் பட்டியலில் இல்லை. ஒருவன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடுகிறான். அவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது, கொலை வழக்காகவே வரலாம். அது பத்துப் பவுன் சங்கிலியாக இருந்தாலும் அதேதான். கத்தியைக் காட்டி மிரட்டிவிட்டு, பணத்தோடு வண்டியேறிக் கிளம்பியவனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். உங்கள் மீதான உடனடி ஆபத்து முடிந்த இடத்தில் சுடும் உரிமையும் முடிகிறது.

ஆபத்து நிஜமாக இருக்கும்போது சட்டம் உங்களை நுணுக்கமாக எடைபோடுவதில்லை என்பதும் உண்மை. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்பு உரிமையின் கோட்பாடுகளைத் தொகுத்துச் சொன்னது. ஆபத்தில் இருப்பவர் படிப்படியாக அளந்து எதிர்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, நியாயமான பயமே போதும் என்பது அதன் சாரம். ஆனால் அந்தப் பயம் நியாயமானதுதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் மேல்தான் விழும். அப்போது கேமரா பதிவுதான் உங்களுக்கு முதல் சாட்சி.

எச்சரிக்கைக்காக வானத்தை நோக்கிச் சுடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்குள் வானம் கிடையாது, கூரைதான். அதற்கு மேல் யாரோ குடியிருப்பார்கள்.

படி 9: சுட்ட பிறகு

ஆபத்து ஓய்ந்ததும் 112-க்கு அழையுங்கள், அடிபட்டவனுக்கு ஆம்புலன்ஸும் கேளுங்கள். அவன் உங்களைக் கொல்ல வந்தவன்தான், ஆனாலும் கேளுங்கள். துப்பாக்கியைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு, போலீஸ் வரும்போது கை காலியாக இருங்கள். காலித் தோட்டாக்களையோ விழுந்து கிடக்கும் பொருட்களையோ தொடாதீர்கள். கேமரா பதிவு அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "என்னைத் தாக்க வந்தான், உயிருக்குப் பயந்து சுட்டேன்" என்ற அளவில் சொல்லிவிட்டு, விரிவான வாக்குமூலத்தை வழக்கறிஞரோடு பேசிய பிறகு கொடுங்கள். உங்கள் மேலும் எஃப்ஐஆர் வரலாம், கைதும் நடக்கலாம். துப்பாக்கி வழக்குச் சொத்தாகப் போகும், வழக்கு முடிய வருடங்கள் ஆகலாம். பறிமுதல் செய்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

படி 10: வருடா வருடம் இருக்கும் வேலைகள்

தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். விலக்கு வேண்டுமானால் மாவட்ட அளவிலான குழுவிடம் கேட்கலாம், கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று தேர்தல்கள் வந்துகொண்டே இருக்கும். அந்த வாரங்களில் எல்லாம் துப்பாக்கி உங்களிடம் இருக்காது. அதனால்தான் படி 2-ஐ முதலில் முடிக்கச் சொன்னேன்.

ஐந்து வருடக் காலம் முடிவதற்குள் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். கெடு தாண்டிய உரிமத்தோடு துப்பாக்கி கையில் இருந்தால் அது உரிமமில்லாத ஆயுதம். முகவரி மாறினால், கடை வேறு மாவட்டத்துக்குப் போனால், அதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக வாரிசு விஷயம். வியாபாரக் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது: அப்பா இறந்த பிறகு அவருடைய ரிவால்வர் பல வருடம் அப்படியே லாக்கரில் கிடக்கும், மகன் அதைச் சொத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டு சும்மா இருப்பார். உரிமம் அப்பாவோடு முடிந்துவிட்டது. காரியம் முடிந்த கையோடு துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஸ்டேஷனிலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வேண்டுமென்றால் வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்து, கிடைத்த பிறகு அதைத் திரும்பப் பெறலாம். அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் 2016 விதிகளில் 25-ம் விதி இடம் தருகிறது: அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசு விண்ணப்பிக்கலாம். வாரிசுக்கும் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் புதிதாகவே நடக்கும்.